நூலால் அளந்த வானவழி



சென்ற கோடை விடுமுறையில் என் அக்கா மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த பையன். அவனுடைய அண்ணன் சிங்கப்பூரில் பொறியாளராக இருக்கிறான். அலுவலக வேலையாக நியூயார்க் செல்லவிருந்த அண்ணன், தன் பயணச் சீட்டின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தான். அதைப் பார்த்த தம்பிக்குக் குழப்பம் வந்துவிட்டது.

"மாமா, ராத்திரி 12 மணிக்கு சிங்கப்பூரில் புறப்பட்டு, அதே நாள் காலை 6.40-க்கு நியூயார்க்கில் இறங்கலாம் என்று போட்டிருக்கிறது. ஆறு மணி நாற்பது நிமிடத்தில் பாதி உலகத்தைச் சுற்றிவிட முடியுமா? அண்ணனைக் கேட்டால் பயணம் பதினெட்டு மணி நாற்பது நிமிடம் என்கிறான். நான் உலகப் படத்தில் அளவுகோல் வைத்து அளந்து பார்த்தேன். 20,300 கிலோமீட்டர் வருகிறது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால் இருபத்திரண்டரை மணி நேரம் ஆகவேண்டும். இந்த மூன்றில் எது சரி?"

நல்ல கேள்வி. காலம் என்பது தொலைவை வேகத்தால் வகுத்தால் கிடைப்பது என்று நாம் ஏழாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் எந்தத் தொலைவு? எதைப் பொறுத்த வேகம்? எந்த ஊர்க் கடிகாரம் காட்டும் காலம்? இம்மூன்றையும் கேட்காமல் வகுத்தால் விடை தவறாகிவிடும். ஒவ்வொன்றாகக் காண்போம்.

படம் செய்த குறும்பு

அக்கா மகன் அளந்த படம் மெர்கேட்டர் முறையில் வரைந்தது. மெர்கேட்டர் என்னும் நிலப்பட அறிஞர் 1569-ஆம் ஆண்டில் கப்பலோட்டிகளுக்காக இம்முறையை வகுத்தார். இப்படத்தில் இரண்டு துறைமுகங்களை ஒரு நேர்கோட்டால் இணைத்து, அக்கோடு வடக்குத் திசையோடு செய்யும் கோணத்தை அளந்துகொண்டால் போதும். திசைகாட்டியை அந்தக் கோணத்தில் வைத்துக்கொண்டு, வழி நெடுகத் திசை மாறாமல் சென்றால் கப்பல் மறு துறைமுகத்தை அடைந்துவிடும். கடலோடிக்கு இது பெரிய வசதி.

ஆனால் ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்து மேசைமேல் தட்டையாக வைத்துப் பாருங்கள். ஏதாவது ஓர் இடத்தில் கிழியும். அல்லது இழுக்க வேண்டும். கோளத்தின் பரப்பைத் தாளில் விரிக்கும்போதும் இதுதான் நிகழ்கிறது. மெர்கேட்டர் படத்தில் துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல நிலப்பரப்பு இழுத்து நீட்டப்படுகிறது. நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு ஏறத்தாழ 111 கி.மீ. நீளம். நியூயார்க் இருக்கும் அட்சரேகையில் அதே ஒரு டிகிரிக்கு 84 கி.மீ. மட்டுமே. 60 டிகிரி அட்சரேகையில் அது பாதியாகிவிடுகிறது. படத்திலோ எல்லாம் ஒரே நீளம்! கிரீன்லாந்து இப்படத்தில் ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தோன்றுவதும் இதனால்தான். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் பதினான்கு மடங்கு பெரியது.

ஆகவே படத்தின் கீழே நிலநடுக்கோட்டுக்கென்று கொடுத்திருக்கும் அளவைக் கொண்டு எங்கும் அளப்பது தவறு. இந்த நீட்சியைக் கணக்கில் எடுத்துக்கொண்டு திருத்தினால், படத்தில் நேராகத் தெரியும் அந்தக் கோட்டின் உண்மையான நீளம் 18,500 கி.மீ. ஆகிறது. 1,800 கி.மீ. குறைந்துவிட்டது. ஆனால் கதை இத்துடன் முடியவில்லை.

பெரு வட்டம்

தாளில் இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி நேர்கோடு. பூமியின்மேல் நேர்கோடு வரைய முடியாது. வரைந்தால் அது பூமியைத் துளைத்துக்கொண்டு போகும். கோளத்தின் பரப்பில் குறுகிய வழி எது?

கோளத்தின் மையம் வழியாகச் செல்லும் ஒரு தளம் அதனை வெட்டினால் கிடைக்கும் வட்டமே பெரு வட்டம். ஒரு பூசணிக்காயைச் சரிபாதியாக வெட்டும்போது கத்தி பதியும் விளிம்பு பெரு வட்டம். ஓரமாக ஒரு துண்டு வெட்டினால் அது சிறு வட்டம். நிலநடுக்கோடு ஒரு பெரு வட்டம். எதிரெதிர்த் தீர்க்கரேகைகள் இரண்டும் சேர்ந்து ஒரு பெரு வட்டம். நிலநடுக்கோடு தவிர்த்த மற்ற அட்சரேகைகள் எல்லாம் சிறு வட்டங்கள். எந்த இரு இடங்களுக்கும் இடையே மிகக் குறுகிய வழி, அவ்விரண்டின் வழியாகவும் செல்லும் பெரு வட்டத்தின் சிறிய வில்தான்.

இதை மெய்ப்பிக்கக் கடினமான கணிதம் வேண்டாம். ஒரு பூமி உருண்டையும் நூலும் போதும். சிங்கப்பூரில் நூலின் ஒரு முனையை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் மறு முனையை வைத்து, நூல் தளர்ச்சியின்றி இறுகும்வரை இழுங்கள். இறுகிய நூல் தானாகவே குறுகிய வழியைக் காட்டிவிடும்.

எங்கள் வீட்டில் இருந்த பழைய பூமி உருண்டையில் அக்கா மகன் அப்படியே செய்தான். அவன் முகத்தில் தோன்றிய வியப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். படத்தில் ஆப்பிரிக்காவையும் அட்லாண்டிக் பெருங்கடலையும் தாண்டிச் சென்ற கோடு, உருண்டையில் நேர் வடக்காகக் கிளம்பிவிட்டது! சிங்கப்பூரிலிருந்து கம்போடியா, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, வட துருவத்தின் அருகே சென்று, கனடாவின் வழியாக இறங்கி, நியூயார்க்கை அடைந்தது நூல்.

துருவம் வழியே ஒரு கணக்கு

இவ்வூர்களின் இருப்பிடத்தில் ஒரு வசதி இருக்கிறது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 104 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் ஏறத்தாழ 73.8 டிகிரி மேற்கில். இரண்டையும் கூட்டினால் 177.8. அதாவது இவ்விரண்டும் பூமியின் ஏறக்குறைய நேர் எதிர்ப் பக்கங்களில் உள்ள தீர்க்கரேகைகள். ஆகவே துருவத்துக்கே ஏறி மறுபுறம் இறங்குவதாக வைத்துக்கொண்டு கணக்கிடலாம்.

சாங்கியின் அட்சரேகை 1.36 டிகிரி வடக்கு. அங்கிருந்து துருவம் வரை 90-லிருந்து 1.36-ஐக் கழிக்க, 88.64 டிகிரி.

கென்னடி நிலையத்தின் அட்சரேகை 40.64 டிகிரி வடக்கு. துருவத்திலிருந்து அதுவரை 49.36 டிகிரி.

மொத்தம் 138 டிகிரி. பூமியின் பெரு வட்டத்தில் ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. ஆகவே தொலைவு 138 × 111.2 = 15,346 கி.மீ.

கல்லூரியில் கற்பிக்கும் கோள முக்கோணக் கணிதத்தைக் கொண்டு கணித்தாலும் 15,340 கி.மீ. என்றுதான் வருகிறது. நம் எளிய கணக்குக்கும் அதற்கும் ஐந்தாறு கிலோமீட்டரே வேறுபாடு. காரணம், உண்மையான குறுகிய வழி துருவத்தைத் தொடாமல் அதிலிருந்து 280 கி.மீ. தள்ளிச் செல்கிறது. பூமி முழு உருண்டையாக இல்லாமல் துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதாலும் ஒருசில கிலோமீட்டர் வேறுபடும். விமானம் தரையில் ஊர்ந்து செல்வதில்லை, 11 கி.மீ. உயரத்தில் பறக்கிறது என்றால், அந்தப் பெரிய வட்டத்தினால் கூடும் நீளம் 26 கி.மீ. மட்டுமே.

ஆக, ஒரே இரண்டு ஊர்களுக்கு இடையே அளவுகோல் 20,300 என்றது. திசை மாறாத கோடு 18,500 என்றது. நூல் 15,340 என்கிறது. நூல் சொல்வதே குறுகிய வழி. 18,500-க்கும் 15,340-க்கும் உள்ள வேறுபாடு மூன்றரை மணி நேரப் பறத்தலுக்குச் சமம்.

திரும்பாமலே மாறும் திசை

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். நூலின் வழியில் செல்லும் விமானம் சிங்கப்பூரில் வடக்கு நோக்கிக் கிளம்புகிறது. நியூயார்க்கில் தெற்கு நோக்கி இறங்குகிறது. இடையே விமானி எங்கும் விமானத்தைத் திருப்பவில்லை. ஆனாலும் வடக்கு தெற்காகிவிட்டது! பெரு வட்டத்தில் செல்லும்போது திசைக் கோணம் ஒவ்வொரு கணமும் மாறிக்கொண்டே இருக்கும். நிலநடுக்கோட்டிலும் தீர்க்கரேகையிலும் செல்லும்போது மட்டும் (துருவத்தைக் கடக்கும் வரை) மாறாது. ஒரே திசைக் கோணத்தைப் பிடித்துக்கொண்டு சென்றால் விமானம் பெரு வட்டத்திலிருந்து விலகிப் போய்விடும்.

இது ஏட்டுக் கணக்கு என்று எண்ணிவிடாதீர்கள். 1983 செப்டம்பர் 1 அன்று இது 269 உயிர்களின் கணக்காகிவிட்டது.

கொரியன் ஏர் லைன்ஸின் போயிங் 747 விமானம் ஒன்று அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரிலிருந்து தென் கொரியாவின் சோல் நகருக்குப் புறப்பட்டது. அவ்விமானத்தில், ஒவ்வொரு கணமும் தான் இருக்கும் இடத்தைத் தானே கணக்கிட்டுத் திசையைத் திருத்திக்கொண்டே செல்லும் வழிகாட்டும் கருவி இருந்தது. தானாக ஓட்டும் பொறியை அக்கருவியின் பொறுப்பில் விட வேண்டும். அன்று அது அவ்வாறு செய்யப்படவில்லை. காந்தத் திசைகாட்டியில் 245 டிகிரி என்னும் ஒரே கோணத்தைப் பிடித்தபடி விமானம் பறந்துகொண்டே இருந்தது. தொடக்கத்தில் விலகல் மிகச் சிறிது. ஐந்து மணி நேரத்துக்குப் பின் அது 500 கி.மீ.-க்கும் மேல் ஆகிவிட்டது. கம்சட்கா தீபகற்பத்தின் மீதும், பிறகு சக்காலின் தீவின் மீதும் பறந்த அவ்விமானத்தை சோவியத் போர் விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தியது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. விமானம் ஒரே காந்தத் திசையில் சென்றதே வழி விலகியதற்குக் காரணம் என்று பன்னாட்டுப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பு 1993-இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியது.

விமானத்தைச் சுட்டது மனிதரின் முடிவு. அதனைக் கோணத்தின்மேல் சுமத்த முடியாது. ஆனால் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது, திருத்தப்படாத ஒரு திசைக் கோணம். இந்தத் துயரம் நிகழ்ந்த சில நாட்களில், செயற்கைக்கோள்கள் கொண்டு இடமறியும் தம் நாட்டின் ஜி.பி.எஸ். அமைப்பு முழுமை பெறும்போது உலகத்தின் பொது விமானங்களும் அதனைப் பயன்படுத்த அனுமதிக்கப்படும் என்று அமெரிக்கா அறிவித்தது. இன்று நம் கைப்பேசிகளில் வழி காட்டுவதும் அதே அமைப்புதான்.

எதைப் பொறுத்த வேகம்?

இனி வேகத்துக்கு வருவோம். 15,340 கி.மீ.-ஐ 900-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 17 மணி நேரம். ஆனால் அண்ணன் சொன்னது பதினெட்டு மணி நாற்பது நிமிடம். ஏன்?

900 கி.மீ. என்பது காற்றைப் பொறுத்த வேகம். நீண்ட தொலைவு செல்லும் விமானம் ஒலியின் வேகத்தில் நூற்றுக்கு 85 பங்கு வேகத்தில் பறக்கிறது. ஒலியின் வேகம் தரையில் நொடிக்கு 340 மீட்டர் என்று படித்திருப்பீர்கள். 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 56 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் நொடிக்கு 295 மீட்டர். அதாவது மணிக்கு 1,062 கி.மீ. அதில் 85 பங்கு எடுத்தால் ஏறத்தாழ 900.

இனி ஆற்றில் செல்லும் படகை நினைத்துக்கொள்ளுங்கள். நீரோட்டத்தோடு சென்றால் கரை வேகமாக நகரும். எதிர்த்துச் சென்றால் மெதுவாக நகரும். வானத்திலும் இப்படி ஓர் ஆறு ஓடுகிறது. அதற்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். பூமியின் நடுப் பகுதி சூடாகவும் துருவப் பகுதி குளிர்ந்தும் இருப்பதாலும், பூமி தன்னைத்தானே சுற்றுவதாலும் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக இக்காற்று வீசுகிறது. அகலம் சில நூறு கிலோமீட்டர். தடிமன் சில கிலோமீட்டர். வேகம் மணிக்கு 150, 200, சில வேளைகளில் 300 கி.மீ.-க்கும் மேல். ஜப்பானிய வானிலை அறிஞர் வாசபுரோ ஓயிஷி 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதனை முதலில் அளந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று, எஸ்பெராண்டோ என்னும் ஆக்கப்பட்ட மொழியில் அறிக்கை எழுதினார். அதனால்தான் பலரும் அதைப் படிக்காமல் விட்டுவிட்டார்கள்!

இக்காற்றின் பயனுக்கு நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ செல்லும் ஏர் இந்தியா விமானம் முதலில் அட்லாண்டிக் வழியாக மேற்கு நோக்கிச் சென்றது. 2016 அக்டோபரில் அது பசிபிக் வழியாகக் கிழக்கு நோக்கிப் பறந்தது. தொலைவு 1,400 கி.மீ. கூடி 15,300 கி.மீ. ஆயிற்று. நேரமோ கூடவில்லை, பதினான்கரை மணி நேரத்திலேயே விமானம் சென்று சேர்ந்தது. வகுத்துப் பாருங்கள்: தரையைப் பொறுத்த சராசரி வேகம் மணிக்கு 1,055 கி.மீ. விமானம் தானாகப் பறந்தது 900. மீதி 155-ஐக் காற்று கொடுத்தது. நீண்ட வழி சுருக்க வழியாகிவிட்டது!

போகும்போது காற்றால் கிடைக்கும் லாபமும், திரும்பும்போது ஏற்படும் நட்டமும் சரியாகிவிடும் என்று சிலர் நினைப்பதுண்டு. அது தவறு. 9,000 கி.மீ. தொலைவு, விமான வேகம் 900, காற்றின் வேகம் 100 என்று கொள்வோம். காற்று இல்லாவிட்டால் போகவர 10 + 10 = 20 மணி நேரம். காற்று இருந்தால் போக 9,000 ÷ 1,000 = 9 மணி; திரும்ப 9,000 ÷ 800 = 11.25 மணி, மொத்தம் 20.25 மணி. கால் மணி நேரம் நட்டம். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கியிருப்பதே இதற்குக் காரணம். ஆகவே விமானங்கள் இரு திசையிலும் ஒரே வழியில் செல்வதில்லை. போகும்போது காற்றோட்டத்தைத் தேடிச் செல்கின்றன. வரும்போது அதிலிருந்து ஒதுங்கிக்கொள்கின்றன.

ஒலியை மிஞ்சியதா?

2020 பிப்ரவரியில் புயற்காற்று வீசிய ஓர் இரவில், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் சென்றது. தொலைவு 5,540 கி.மீ. சராசரி வேகம் மணிக்கு 1,120 கி.மீ.-க்கும் மேல். அந்த உயரத்தில் ஒலியின் வேகம் 1,062 தானே! அப்படியானால் விமானம் ஒலியை மிஞ்சிவிட்டதா?

இல்லை. ஒலியும் காற்றில்தான் செல்கிறது; காற்று நகர்ந்தால் ஒலியும் சேர்ந்தே நகரும். விமானம் தன்னைச் சூழ்ந்த காற்றைப் பொறுத்து வழக்கமான வேகத்தில்தான் சென்றது. ஓடும் ரயிலுக்குள் நடப்பவர் ரயிலின் வேகத்தையும் சேர்த்துப் பெறுவதுபோல், விமானம் காற்றின் வேகத்தையும் சேர்த்துப் பெற்றது. சார்பு வேகம் என்று நீங்கள் படிக்கும் பாடம் இதுதான்.

வானத்திலும் வேலிகள்

நூல் காட்டும் வழியில் விமானங்கள் எப்போதும் செல்ல முடிவதில்லை. பூமியின் மேலுள்ள வானத்துக்கும் எல்லைகள் உண்டு. நாடுகளின் அனுமதி வேண்டும்.

ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே குறுகிய வழி சைபீரியாவின் மீது செல்கிறது. சோவியத் ஒன்றியத்தின் வானம் அடைபட்டிருந்த காலத்தில், 1957-இல் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து வட துருவப் பகுதி வழியாக ஆங்கரேஜ் சென்று, அங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டு டோக்கியோ செல்லும் வழியைத் தொடங்கியது. 1983-இல் பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் ஹெல்சின்கியிலிருந்து வட துருவம் வழியாக இடையே இறங்காமலே டோக்கியோ சென்றது. பிற்காலத்தில் சைபீரிய வானம் திறந்தது. ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும் அந்த வானம் ஐரோப்பிய விமானங்களுக்கு மீண்டும் மூடப்பட்டது. ஃபின்ஏர் மறுபடியும் துருவ வழிக்குத் திரும்பியது. பயணம் ஏறத்தாழ 13 மணி நேரமாகிவிட்டது. ஊர்கள் நகரவில்லை, பூமி பெருக்கவில்லை, மூன்றரை மணி நேரம் மட்டும் கூடிவிட்டது.

எரிபொருளைச் சுமக்கும் எரிபொருள்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரில் நியூயார்க்கை அடுத்த நியூவார்க் நிலையத்துக்கு இடைநில்லா விமானத்தைத் தொடங்கியபோது, செல்லும் தொலைவு ஏறத்தாழ 16,700 கி.மீ., நேரம் 18 மணி 45 நிமிடம் வரை என்று அறிவித்தது. 2020 நவம்பரில் கென்னடி நிலையத்துக்கும் விமானம் விட்டது. 15,340 என்னும் குறுகிய தொலைவுக்கும் 16,700-க்கும் உள்ள வேறுபாட்டின் காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும். காற்றையும் அனுமதியையும் பார்த்து, அன்றன்றைக்கு வழி வகுக்கிறார்கள். காற்று வாகாக இருந்தால் பசிபிக் பக்கமாகவே வளைந்து செல்வதும் உண்டு. இத்துடன், புறப்படும்போது மேலேறவும், சேரும்போது கீழிறங்கவும், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும் ஆகும் நேரத்தையும் சேர்க்க வேண்டும்.

இந்தப் பயணத்துக்கென்றே ஏர்பஸ் ஏ350–900 யூ.எல்.ஆர். என்னும் விமானத்தை உருவாக்கினார்கள். அதன் கலங்களில் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். லிட்டருக்கு 0.8 கிலோ என்று கொண்டால் 132 டன். விமானம் தரையை விட்டு எழும்பக்கூடிய பெரும அளவு மொத்த எடை 280 டன். அதாவது, கலங்கள் நிறைந்திருந்தால் எடையில் ஏறக்குறைய பாதி எரிபொருளே. அந்த எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகிறது. அதனால்தான் சாதாரண ஏ350 விமானத்தில் முந்நூறு பேர் செல்லும்போது, இதில் இருக்கைகள் 161 மட்டும்.

இத்தகைய விமானம் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பறந்தால் ஐந்தாறு டன் எரிபொருள் எரியும். ஒவ்வொரு டன்னும் எரிந்து மூன்று டன்னுக்கு மேல் கரியமில வாயுவைக் காற்றில் சேர்க்கும். ஆகவே வானவழியைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது பணத்தை மட்டும் மிச்சப்படுத்துவதன்று. நாம் மூச்சுவிடும் காற்றைக் காப்பதும் ஆகும்.

கடிகாரக் கணக்கு

கடைசிப் புதிருக்கு வருவோம். நள்ளிரவு 12-க்குப் புறப்பட்ட விமானம் 18 மணி 40 நிமிடம் பறந்தால் சிங்கப்பூர்க் கடிகாரத்தில் மாலை 6.40. நியூயார்க்கின் கடிகாரம் கோடைக் காலத்தில் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கியது. ஆகவே அங்கே அதே நாள் காலை 6.40. சீட்டில் அச்சிட்டிருந்தது இதைத்தான். பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழல்கிறது. 180 டிகிரிக்கு 12 மணி நேரம். குளிர்காலத்தில் அமெரிக்கர் தம் கடிகாரங்களை ஒரு மணி பின்னே தள்ளி வைப்பதால் வேறுபாடு 13 மணி நேரமாகும்.

திரும்பி வரும்போது, காலை 10 மணிக்கு நியூயார்க்கில் புறப்பட்டு அதே 18 மணி 40 நிமிடம் பறந்தால் சிங்கப்பூரில் எத்தனை மணிக்கு, எந்த நாளில் இறங்கலாம்? கோடைக் காலம் என்று வைத்துக்கொண்டு நீங்களே கணக்கிடுங்கள். (விடை: மறுநாள் மாலை 4.40.) போகும்போது "சம்பாதித்த" பன்னிரண்டு மணி நேரமும் திரும்பும்போது பறிபோய்விடும். கடன் வாங்கிய நேரம் அது!

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் பள்ளியில் பூமி உருண்டை இருந்தால் அதன் நடுச் சுற்றளவை நூலால் அளந்து கொள்ளுங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் அது 94 செ.மீ. இருக்கும். 40,000 கி.மீ.-க்கு 94 செ.மீ. என்றால் ஒரு செ.மீ.-க்கு 425 கி.மீ. சிங்கப்பூர்–நியூயார்க் நூல் 36 செ.மீ. வரவேண்டும். பூமி உருண்டை இல்லாவிட்டால் ஒரு ரப்பர் பந்தின்மேல் நிலநடுக்கோட்டையும் தீர்க்கரேகைகளையும் வரைந்து, ஊர்களைக் குறித்துக்கொள்ளலாம்.

கணக்கு ஒன்று: லண்டனும், கானா நாட்டின் தலைநகரான அக்ராவும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. லண்டனின் அட்சரேகை 51.5 டிகிரி வடக்கு. அக்ராவின் அட்சரேகை 5.6 டிகிரி வடக்கு. தொலைவு என்ன? மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் காற்றில்லாத நாளில் எவ்வளவு நேரமாகும்? கடிகாரத்தை மாற்றவேண்டி வருமா? (விடை: ஏறத்தாழ 5,100 கி.மீ.; ஐந்து மணி நாற்பது நிமிடம். குளிர்காலத்தில் மாற்ற வேண்டாம். கோடையில் லண்டன் கடிகாரம் ஒரு மணி முன்னே செல்வதால் மாற்ற வேண்டும்.)

அக்கா மகனின் அண்ணன் நியூயார்க் சேர்ந்ததும் தொலைபேசியில் பேசினான். "அண்ணா, எந்தப் பக்கமாகப் போனீர்கள்? பசிபிக்கா, அட்லாண்டிக்கா? எதிர்க்காற்றா, பின்காற்றா?" என்று தம்பி அடுக்கிக்கொண்டே போனான். அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் தூங்கிவிட்டேனடா" என்றானாம். மறுநாள் அந்தப் பழைய உருண்டையையும் நூலையும் எடுத்துக்கொண்டுதான் பையன் ஊருக்குக் கிளம்பினான். நானும் தடுக்கவில்லை.